இரண்டாவது கமராக்காரர் வேணுமோ?

நிலாவெளியில் ஒரு கலியாணம் முற்றாகிவிட்டால் அதன் பிறகு இரு வீட்டாரும் சண்டை பிடிப்பது குறைவு. சண்டையெல்லாம் பெண் வீட்டுக்குள்ளேதான். நாள் பார்ப்பதில் வாக்கியமா திருக்கணிதமா என்று கொஞ்சம் இழுபறி வரும், ஐயர் தீர்த்துவைப்பார். சமையலுக்குச் சாம்பல்தீவில் ஆள் இருக்கிறார். மேளகாரர் சொன்ன நேரத்துக்கு அரை மணி பிந்தியாவது வந்துவிடுவார். இவை பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து தீர்த்துப் பழகிய பிரச்சினைகள். பாட்டன் பூட்டனுக்குத் தெரியாத பிரச்சினை ஒன்றே ஒன்றுதான்: படம் எடுக்க எத்தனை பேர்?

என் அக்காவின் மகளுக்கு ஆவணியில் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ரொறன்ரோவில் வேலை; தாய் தகப்பன் திருகோணமலை உவர்மலையில். நான் பெண்ணுக்குத் தாய்மாமன். தாய்மாமனுக்கென்று பெரியவர்கள் வகுத்த கடமைகள் பல உண்டு. அவற்றில் பாதி இப்போது வழக்கொழிந்துவிட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்பப் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. கமராக்காரரோடு விலை பேசுவது.

டவுனிலிருந்து ஒரு தம்பி மடிக்கணினியோடு வந்தார். நல்ல பிள்ளை. அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு சில்வர், கோல்ட், பிளாட்டினம் என்று மூன்று வகைப் பொதிகளை விரித்தார். தாலிக்கொடி வாங்கப் போன கடையில்கூட எங்களுக்கு ஒரு உலோகத்தைத்தான் காட்டினார்கள். கோல்டில் படம் எடுக்க ஒருவர், வீடியோவுக்கு ஒருவர். பிளாட்டினத்தில் படம் எடுக்க இன்னொருவர், மேலதிகமாக ட்ரோன். இரண்டுக்கும் வித்தியாசம் அறுபத்தைந்தாயிரம் ரூபாய்.

அறுபத்தைந்தாயிரம் என்றதும் அத்தான் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். அத்தான் கதிரையைத் தள்ளினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அக்கா தன் கதிரையை முன்னுக்கு இழுத்தாள். பேச்சு தொடங்கியது.

தம்பி சொன்ன நியாயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை நியாயமானவைதான். கலியாணத்தன்று காலையில் பால் அறுகு வைத்து நீராட்டுவது இரண்டு வீட்டிலும் நடக்கும். அநேகமாக ஒரே நேரத்தில். நிலாவெளிக்கும் உவர்மலைக்கும் இடையில் பதினைந்து கிலோமீற்றர். எங்கள் வீதியில் வாகனங்களுக்கு இருக்கும் உரிமை மாடுகளுக்கும் உண்டு என்பதால், ஒரு கமராக்காரர் இங்கே பாலறுகு பார்த்துவிட்டு அங்கே போய்ச் சேரும்போது மாப்பிள்ளை குளித்து, தலைப்பாகை கட்டி, காரில் ஏறி எதிரே வந்துகொண்டிருப்பார்.

இரண்டாவது நியாயம், தாலி கட்டும் நேரம். கெட்டிமேளம் முழங்கத் தொடங்கினால் எல்லாம் சில நொடிக் கதை. மாப்பிள்ளை எழுந்து கொடியைப் பெண்ணின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்னால் பூட்ட வேண்டும். முன்னால் நிற்கும் கமராவுக்கு முகம் தெரியும், கை தெரியாது. பின்னால் நிற்கும் கமராவுக்குக் கை தெரியும், முகம் தெரியாது. அதே நொடியில் சபை முழுவதும் அறுகரிசி எறியும். ஒருவர் எடுத்த படத்தில் மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே ஒரு அரிசி வந்து நின்றால் அந்தக் குடும்பத்துக்கு அந்த அரிசிதான் சரித்திரம்.

மூன்றாவது, இயந்திரத்தை நம்ப முடியாது. இப்போதைய நல்ல கமராக்களில் இரண்டு மெமரி கார்ட் போட இடம் இருக்கிறது. ஒன்று பழுதானால் மற்றதில் படம் இருக்கும். "கார்ட்டையே ரெண்டு போடுறம். ஆளை மட்டும் ஒண்டா வைச்சா எப்பிடி அண்ணை?" என்றார் தம்பி. அன்று மத்தியானம் தனக்கு வயிற்றுக்குத்து வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் நாசூக்காகக் குறிப்பிட்டார். கலியாணச் சாப்பாட்டைச் சாப்பிடப்போகும் ஒருவர் அப்படிச் சொன்னது அக்காவுக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

இனி அத்தானின் தரப்பு. அத்தான் உப்பளத்தில் கணக்குப் பார்த்தவர். ஒன்று என்றால் ஒன்று என்று நம்ப மாட்டார். "இவர் ஒருத்தர் எண்டு சொல்லுறார். லைற் பிடிக்க ஒரு பெடியன். வீடியோவுக்கு ஒருத்தர். அவருக்கு வயர் இழுக்க ஒரு பெடியன். வானுக்கு ட்ரைவர். இப்ப அஞ்சு. ரெண்டாவது ஆள் வந்தா அவருக்கும் ஒரு பெடியன். ஏழு பேர். இவ்வளவு பேரும் முதல் பந்தியில சாப்பிடுவினம், ஏனெண்டா ரெண்டாம் பந்தியைப் படம் எடுக்க வேணும்." கணக்கில் பிழை கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை.

என் ஆட்சேபம் வேறு. மணவறை மூன்று பக்கமும் அடைத்து ஒரு பக்கம் மட்டும் திறந்த அமைப்பு. அந்த ஒரு பக்கம் சபைக்காகத்தான் திறந்திருக்கிறது. அதை இப்போது கமராக்கள் அடைத்துவிடுகின்றன. போன வருடம் ஒரு சொந்தக்காரக் கலியாணத்துக்குப் போய் நான்காவது வரிசையில் இருந்தேன். மூன்று மணி நேரமும் நான் கண்டது ஒரு கறுப்புச் சேட்டின் முதுகு. பெண்ணை முதல்முதலாக நான் கண்டது சாப்பாட்டு மண்டபத்தில். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் சந்தித்தபோது, யார் பிள்ளை என்று கேட்டுவிட்டேன்.

அதே கலியாணத்தில் ஐயர் தாலியைத் தட்டில் வைத்து எடுக்கும்போது, "ஐயா, ஒரு நிமிசம், ஃபோகஸ்" என்று ஒரு குரல் கேட்டது. ஐயர் நின்றார். மேளகாரர் நின்றார். இரு வீட்டாரும் வாரக்கணக்காக வாதாடி நிமிடக் கணக்கில் குறித்த சுபமுகூர்த்தம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. தாலி பூட்டியபின், "அண்ணா, இன்னொருக்கா கையை அப்பிடி வைச்சுக் காட்டுங்கோ" என்று இன்னொரு குரல். கமரா ஒன்று என்றால் ஐயருக்கு எசமான் ஒருவர். இரண்டு என்றால் இருவர். "வலப்பக்கம் பாருங்கோ" என்று ஒருவரும் "இஞ்சால பாருங்கோ" என்று மற்றவரும் சொல்ல, மாப்பிள்ளை இரண்டுக்கும் நடுவில் பார்த்த பார்வையில் ஒரு படம் இருக்கிறது. எந்தச் சாதகப் பொருத்தக்காரரும் அந்தப் படத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்ல மாட்டார்.

இதில் உலகம் எப்படி நடந்துகொண்டது என்று கொஞ்சம் பார்த்தேன். விக்டோரியா மகாராணிக்கு 1840 பெப்ரவரியில் கலியாணம். புகைப்படக்கலை அதற்கு முந்திய வருடம்தான் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. ஆகவே பெரிய சாம்ராச்சியத்தின் அரசிக்குக் கலியாணப் படம் ஒன்றுகூட இல்லை. பலரும் கலியாணப் படம் என்று நினைத்துக்கொள்ளும் படம் 1854இல் ரோஜர் ஃபென்டன் எடுத்தது. அதற்குள் பிள்ளைகள் எட்டுப் பேர் பிறந்துவிட்டார்கள். ஒரு கமராக்காரர்கூட இல்லாமல் தொடங்கிய குடும்பம் என்று அத்தானிடம் சொன்னேன். அவர் கதிரையை இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார்.

1981இல் சார்ள்ஸ் – டயானா கலியாணம். அரண்மனையில் குடும்பப் படம் எடுத்தவர் லிச்ஃபீல்ட் பிரபு. அரச குடும்பத்தாரை ஒரு பக்கம் பார்க்கவைக்க அவர் கையில் வைத்திருந்தது ஒரு விசில். ராசாக்களும் ராணிகளும் விசிலுக்குத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பெரியப்பாவுக்கு விசில் தேவையில்லை. "இஞ்ச பாருங்கோடாப்பா" என்று ஒரு சத்தம் போட்டால் இறக்கக்கண்டியில் நிற்பவரும் திரும்பிப் பார்ப்பார்.

உள்ளூர் உதாரணமும் உண்டு. கோணேசர் கோயில் மலையடிக் கடலில் 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடி, இடிந்த பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். கமராவோடு இறங்கியவர் வில்சன். புத்தகம் எழுதியவர் கிளார்க். எழுத ஒருவர், படம் எடுக்க ஒருவர். குறுக்கே போனைத் தூக்கிப் பிடிக்க அங்கே மாமா மாமி யாரும் இல்லை. நான் அறிந்தவரையில் இந்த மாவட்டத்தில் நிம்மதியாக எடுக்கப்பட்ட படங்கள் அவைதான்.

இந்த இடத்தில் மருமகள் குறுக்கிட்டாள். "மாமா, கோயில் இடிஞ்சு கிடந்ததை எடுத்தவையின்ர கதை என்ர கலியாணத்துக்கு எதுக்கு?" என்றாள். அவளுடைய கவலை வேறு. பிறீ சூட்டுக்கு, அதாவது கலியாணத்துக்கு முந்திய படப்பிடிப்புக்கு, புறாமலைக்குப் போக வேண்டும். புறாமலை எங்கள் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கடலில் இருக்கும் தீவு. 1963இல் சரணாலயம், 2003இல் தேசிய பூங்கா. பவளப்பாறையில் கால் வைக்கக் கூடாது, சீட்டு வாங்க வேண்டும், படகில் ஏறும்போது சேலை நனையும். ஆவணியில் கடல் அமைதி. ஆனால் கச்சான் காற்று அடித்தால் கரையில் நிற்கும் சேலை முந்தானை ஒரு பக்கமும் பெண் ஒரு பக்கமும் போவார்கள். முந்தானையைப் பிடிக்க ஒரு ஆள் தேவை, அது கமராக்காரர் இல்லை, தங்கச்சி என்று அங்கேயே தீர்த்தோம்.

ட்ரோனும் அங்கேயே தீர்ந்தது. ஒரு பக்கம் கடற்படை, மறுபக்கம் சீனக்குடாவில் விமானப்படை. ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளும் அனுமதியும் இருக்கின்றன. எங்கள் கூரையின் ஓட்டை மேலேயிருந்து உலகத்துக்குக் காட்ட இவ்வளவு அனுமதி கேட்பதா என்றார் அத்தான். கூரையில் ஓட்டை இருப்பது அக்காவுக்கு அப்போதுதான் தெரியவந்தது. சபை சிறிது நேரம் ஒத்திவைக்கப்பட்டது.

மறுபடி கூடியபோது மாப்பிள்ளையும் வட்ஸ்அப்பில் வந்தார். எங்களுக்கு இரவு எட்டு மணி, அவருக்குக் காலை பத்தரை. வேலைத்தலத்தில் மெதுவாகப் பேசினார். பெண்ணைக் கனடாவுக்குக் கூப்பிட விண்ணப்பிக்கும்போது கலியாணப் படங்களும் சான்றாகக் கொடுக்க வேண்டும். கலியாணம் மெய்யாகவே நடந்ததா, உறவுகள் வந்தார்களா என்று படங்களில் பார்ப்பார்கள். "மாமா, எங்கட ரெண்டு பேரையும் ஆயிரம் படத்தில எடுத்துப் பிரயோசனம் இல்லை. ஆக்கள் தெரியவேணும்" என்றார்.

இது எனக்குப் புதிய வெளிச்சம். இவ்வளவு நாளும் கலியாண அல்பம் என்பது வருகிற விருந்தாளிகளைச் சோதிப்பதற்கான கருவி என்றே நினைத்திருந்தேன். அது அரசாங்கப் பத்திரமும்கூட. அந்தப் பத்திரத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் பெரிய ஆட்கள் இல்லை. பின்னால் மிக்சர் சாப்பிட்டுக்கொண்டு நிற்கும் சித்தப்பாதான் சாட்சி.

அப்போதுதான் எனக்கு என்னுடைய அல்பம் நினைவுக்கு வந்தது. என் கலியாணம் தொண்ணூறுகளில். டவுனிலிருந்து ஒருவர் வந்தார். கொண்டுவந்தது இரண்டு பிலிம் ரோல். ஒரு ரோலில் 36 படம். வரும்வழியில் சோதனைச் சாவடியில் கமராவைத் திறந்து காட்டச் சொன்னால் உள்ளே இருக்கும் ரோல் வெளிச்சம் பட்டு அம்போ. அதனால் வந்துசேர்ந்த பிறகுதான் பிலிமைப் போட்டார். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பதால் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு எங்கள் முகத்திலும் தெரியும். 72 படத்தில் 60 படத்தில் நானும் மனைவியும் ஒரே முகத்தோடு நேரே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

2004 டிசம்பர் 26 காலை கடல் வந்து வீட்டோடு அந்த அல்பத்தையும் கொண்டுபோனது. எங்கள் ஊரில் அந்தக் காலையில் போனவற்றில் அல்பத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கும். அவ்வளவு உயிர்கள் போயின. பிறகு ஒரு வருடம் கழித்து, ஸ்காபரோவில் இருக்கும் மச்சான், நாங்கள் முன்பு அவருக்கு அனுப்பிய பிரதிகளை ஒரு உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினார். வீடே கூடியிருந்து பார்த்தது. நானும் மனைவியும் நேரே பார்க்கும் படங்களை எல்லாரும் சீட்டுக்கட்டுத் தள்ளுகிற மாதிரித் தள்ளினார்கள். அந்த முகங்கள் வீட்டிலேயே இருக்கின்றன, கொஞ்சம் பழசாகி. அவற்றைப் பார்க்க அல்பம் எதற்கு?

எல்லாரும் நிறுத்திப் பார்த்தது ஒரு படத்தைத்தான். பிளாஷ் வேலை செய்கிறதா என்று பார்க்க, அடுக்களைப் பக்கம் திருப்பி அவர் சும்மா ஒரு தட்டுத் தட்டியிருக்கிறார். அம்மம்மா கிடாரத்துக்குள் அகப்பையை விட்டபடி, யாரையோ பேசிக்கொண்டு நிற்கிறா. வாய் திறந்திருக்கிறது. சேலைத் தலைப்பு இடுப்பில் செருகியிருக்கிறது. பெரியம்மா அந்தப் படத்தைப் பார்த்து, "அம்மா என்னைத்தான் பேசுறா, பருப்பு அடிப்பிடிச்சது" என்றா. அம்மம்மாவுக்கு எங்களிடம் இருக்கும் படம் அது ஒன்றுதான். கமராக்காரர் அதை எடுக்க நினைத்து எடுக்கவில்லை. அதற்குக் காசும் வாங்கவில்லை.

ஆகவே மறுநாள் தம்பியைக் கூப்பிட்டு என் தீர்ப்பைச் சொன்னேன். இரண்டாவது ஆள் வரட்டும். ஆனால் மணவறைக்குப் பத்தடிக்குள் வரக் கூடாது. காலையில் உவர்மலையில் மாப்பிள்ளைக்குப் பால் அறுகு வைப்பதை எடுக்க வேண்டும். பிறகு இங்கே வந்து அடுக்களை, பந்தல், வாசல், பந்தி, செருப்புக் கழற்றும் இடம். எழுபது வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் முகூர்த்தத்துக்கு முந்தி எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் விழித்திருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தாலி கட்டும்போது மட்டும் பக்கவாட்டில் தூரத்தில் நின்று நீள லென்ஸால் பூட்டும் கையை எடுக்கலாம். "இஞ்ச பாருங்கோ" என்று வாய் திறக்கக் கூடாது. ட்ரோன் வேண்டாம். லைற் பிடிக்கும் பெடியன் வேண்டாம்.

தம்பி கொஞ்சம் யோசித்தார். பிளாட்டினத்துக்கும் கோல்டுக்கும் இடையில் இப்படி ஒரு உலோகம் அவரிடம் இல்லை. கடைசியில் நாற்பதாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார். ஆள் தனியே மோட்டார் சைக்கிளில் வருவார், பெற்றோல் எங்களது. சாப்பாட்டுத் தலை ஒன்று. அத்தான் கதிரையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

கலியாணம் நன்றாகவே நடந்தது. முதலாவது கமராக்காரர் ஆயிரக்கணக்கில் எடுத்தார், அழகான படங்கள். இரண்டாவது தம்பி பட்ட பாடு வேறு. அடுக்களையில் மாமிமார் அவரை விரட்டினார்கள். "எங்களை ஏன் எடுக்கிறீர், சீலை மாத்தேல்லை, போய்ப் பொம்பிளையை எடும்." நாதஸ்வரக்காரர் மட்டும் மூச்சை அடக்கிச் சிரித்துக்கொண்டே நின்று கொடுத்தார், அவரை ஒருவர் வேண்டுமென்றே எடுத்தது அதுதான் முதல் தடவையாம். கால் கழுவிய பெண்ணின் தம்பிக்கு மாப்பிள்ளை போட்ட மோதிரம் பெரிதாகிக் கழன்று செம்புக்குள் விழுந்ததும், ஐந்து பேர் செம்புக்குள் எட்டிப்பார்ப்பதும் படமாக இருக்கிறது. தகப்பனார் தாரை வார்த்துவிட்டு மணவறைக்குப் பின்னால் போய்ச் சால்வையால் முகம் துடைப்பதும் இருக்கிறது. கணக்குப் பார்க்கிற அத்தான் அழுதார் என்பதற்கு இப்போது ஆதாரம் உண்டு. வியர்வை என்கிறார்.

படம் வந்த பிறகு அடுக்களை மாமிமார்தான் முதலில் போன் எடுத்தார்கள். "அந்தத் தம்பி எடுத்ததை வட்ஸ்அப்பில போடுங்கோ" என்று. சீலை மாற்றாதது பற்றி ஒருவரும் பேசவில்லை. ரொறன்ரோவுக்குப் போக ஒதுக்கிய படங்களிலும் பாதிக்கு மேல் அவர் எடுத்தவைதான்.

எனவே கலியாணம் வைத்திருப்பவர்கள் கேட்டால் நான் சொல்வது இது. இரு வீடும் தூரத்தில் இருந்து ஒரே காலையில் சடங்கு என்றால் இரண்டாவது ஆளைப் பிடியுங்கள். ஒரே மண்டபம், ஒரே கூட்டம் என்றால், பெண்ணையும் மாப்பிள்ளையையும் இன்னொரு தடவை எடுக்கவென்று காசு கொடுக்காதீர்கள். அதற்கு ஒருவரே தாராளம். பிடிப்பதென்றால் மற்றவர்களை எடுக்கப் பிடியுங்கள். யார் யாரை எடுக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கொண்டு பட்டியல் எழுதிக் கையில் கொடுங்கள். வெளியூர்க் கமராக்காரருக்கு உங்கள் அம்மம்மாவைத் தெரியாது.

சபைக்கு வரும் மாமா மாமிமாருக்கும் ஒரு வேண்டுகோள். காசு கொடுத்து இரண்டு பேரை நிறுத்தியிருக்கிறோம். கெட்டிமேளம் கேட்டதும் எழும்பி நின்று போனைத் தூக்காதீர்கள். போனை மடியில் வையுங்கள். அறுகரிசியைக் கையில் எடுங்கள். படம் அவர்கள் எடுப்பார்கள். ஆசீர்வாதம் உங்களைத் தவிர வேறு ஆள் பிடித்துச் செய்விக்க முடியாது.